வானம் பார்த்த லென்ஸ்

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, காலை ஏழே முக்கால் மணி. ஊட்டி பக்கம் முத்தோரை பாலாடாவில் ஒரு கேரட் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து கேமராவின் பின்திரையில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1,180 படங்கள். முந்தின ராத்திரி பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கி, அரை நிமிடத்துக்கு ஒன்று. விரல்கள் விறைத்துப் போயிருந்ததால் பொத்தான் அமுங்குகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஆனால் எல்லாம் தெளிவு. ஒன்றில்கூட லென்ஸ் கண்ணாடியில் பனி படியவில்லை. இதற்கு மூன்று குளிர்காலம் ஆனது.

ஊட்டியில் உறைபனியைப் படமெடுப்பது பெரிய விஷயமே இல்லை. டிசம்பர், ஜனவரியில் காலை ஆறரைக்குத் தலைகுந்தாவிலோ காந்தலிலோ குதிரைப் பந்தய மைதானத்திலோ போய் நின்றால் போதும், புல்லெல்லாம் உப்பைக் கொட்டினதுபோல் வெளுத்துக் கிடக்கும். சுற்றுலா வந்தவர்கள் கார் கண்ணாடியில் பெயர் எழுதி செல்ஃபி எடுப்பார்கள். பத்திரிகைக்காரர்கள் பைக் சீட்டில் படிந்த பனியைச் சுரண்டும் கையை எடுப்பார்கள். வருஷா வருஷம் அதே படம்தான், நானும் பதினைந்து வருஷமாக அதையேதான் எடுத்தேன். எனக்கு வேண்டியிருந்தது அது வெளுக்கும் நேரம். பச்சைப் புல் எந்த ஓரத்திலிருந்து, எத்தனை மணிக்கு, எப்படி வெள்ளையாகிறது என்று உட்கார்ந்து பார்த்தவர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. அந்த நேரத்தில் ஊரே கம்பளிக்குள் இருக்கும். அதனால் டைம்லாப்ஸ், அதாவது சீரான இடைவெளியில் எடுத்த படங்களைக் கோத்து வேகமாக ஓடும் வீடியோவாக்குவது.

எனக்குத் தொழிலே கேமராதான். பாஸ்போர்ட் போட்டோ, கல்யாணம், பள்ளிக்கூட குரூப் போட்டோ. எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. இதைச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் கீழே வரும் தவறுகளில் பாதி ஒரு டிப்ளமோ படித்த பையன் செய்யாதவை.

முதலில் இடம். உயரமான இடத்தில்தான் பனி அதிகம் விழும் என்று நானும் நினைத்திருந்தேன். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவைத்தான் முதலில் யோசித்தேன். வனத்துறை இடத்தில் ராத்திரி தங்க முடியாது என்பது ஒரு பக்கம். அங்கே காற்றும் ஓயாது, காற்று வீசினால் உறைபனி பிடிக்காது. குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது என்பதை ஃப்ரிட்ஜுக்குள் வைக்கும் 180 ரூபாய் தெர்மாமீட்டர் இரண்டை வாங்கி நானே பார்த்தேன். பாலாடாவில் ஒரே நேரத்தில் ரோட்டு ஓரத்தில் பிளஸ் 3.4 டிகிரி, அங்கிருந்து ஒரு பனைமரத்து உயரம் கீழே, ஓடைக்கு அருகில் உள்ள தோட்டத்தில் மைனஸ் 0.8. அதே தோட்டத்தில் இடுப்பு உயரத்தில் குச்சியில் கட்டிய தெர்மாமீட்டருக்கும் புல்மேல் கிடத்தியதற்கும் நாலு டிகிரி வித்தியாசம். அந்தத் தோட்டம் எனக்குத் தெரிந்த ஓர் அக்காவுடையது. அவர் மகள் கல்யாணத்துக்கு நான்தான் ஆல்பம் போட்டேன். கேட்டதும் சரி என்றார், பைத்தியம்தான் இவன் என்ற பார்வையோடு.

முதல் குளிர்காலம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ட்ரைபாட், கேமரா, 18-55 லென்ஸ், இரண்டு பேட்டரி. பத்து மணிக்கு ஓட விட்டுவிட்டு ஜீப்பில் தூங்கினேன். காலையில் பார்த்தால் 11.20 வரைதான் படம். அதற்கப்புறம் நிலா மட்டும் பால் டம்ளருக்குள் விழுந்த மாதிரி மங்கலாக ஓர் ஒளி, அதுவும் மெல்ல மெல்ல மறைந்து பேட்டரி தீரும்வரை வெறும் சாம்பல் நிறம். முதலில் நீர்ப்பனி படிந்து, அதுவே லென்ஸ்மேல் உறைந்துவிட்டது. அடுத்த முறை முழித்திருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை துணியால் துடைத்தேன். மைனஸ் ஒன்றில் ஈரத்தைத் துடைத்தால் அது விரலடையாளம் போலக் கண்ணாடியிலேயே உறைகிறது. துடைக்காமலே விட்டிருக்கலாம்.

மழையில் லாரி டிரைவர்கள் கண்ணாடியில் உருளைக்கிழங்கை வெட்டித் தேய்ப்பார்களே, அதையும் செய்து பார்த்தேன். ஊட்டியில் உருளைக்கிழங்குக்கா பஞ்சம்! லென்ஸுக்கு முன்னால் மாட்டும் பழைய யூவி ஃபில்டர் கண்ணாடியில் தேய்த்துக் காயவைத்து மாட்டினேன். நீர்ப்பனி சொட்டுச் சொட்டாக நிற்காமல் படலமாகப் படர்ந்தது உண்மை. ஒரு மணி நேரம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தது. அப்புறம் அந்தப் படலமே உறைந்து, மாவுச்சத்தோடு சேர்ந்து கழுவாத இட்லித் தட்டு மாதிரி ஆனது. இரும்புத்தூள் போட்ட சூட்டுப் பொட்டலங்கள் கிடைக்கின்றன, கையுறைக்குள் வைத்துக்கொள்வது. அதை லென்ஸைச் சுற்றி ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டி, மேலே காலுறையை மாட்டினேன். அதற்குக் காற்று வேண்டும், காற்றுப் பட்டால்தான் இரும்பு துருப்பிடித்துச் சூடு வரும். நான் இறுக்கிய இறுக்கில் இரண்டு மணிக்கே ஆறிவிட்டது.

அந்த வருஷத்தின் பெரிய நஷ்டம் வேறு. விடிந்ததும் குளிர் தாங்காமல், ஐஸ் மாதிரி இருந்த கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே டீக்கடைக்குள் போய்விட்டேன். பாய்லர் ஆவியும் பத்துப் பேர் மூச்சும் நிறைந்த இடம். ஒரு நிமிடத்தில் கேமரா முழுக்க வியர்த்தது, லென்ஸுக்கு உள்ளேயும். துடைத்துப் பையில் போட்டு மறந்துவிட்டேன். ஜூன் மழையில் எடுத்துப் பார்த்தபோது உள் கண்ணாடியில் சிலந்திவலை போலப் பூஞ்சை. கோவையில் சுத்தம் செய்ய 1,400 ரூபாய். இப்போது கேமராவை வெளியிலேயே ஜிப் கவரில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடிவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோகிறேன். குறைந்தது ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் திறப்பேன். கவரின் வெளிப்பக்கம் வியர்க்கட்டும், அதற்கென்ன.

என் பெரியப்பா இந்து நகர் ஃபிலிம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1960-இல் மத்திய அரசு தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ்தான். ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்து நாடு முழுக்கப் போன காலம் ஒன்று இருந்தது. குளிரும் கேமராவும் என்று பேச்செடுத்தால் அவர் நிறுத்தமாட்டார். “பனிக்காலத்துல ஃபிலிமை வேகமாச் சுத்தாதடா, மின்னல் வெட்டின மாதிரி கோடு விழும்” என்பார். உலர்ந்த குளிரில் ஃபிலிம் உரசி மின்பொறி தட்டுவதுதான் அது. என் பூஞ்சைக் கதையைக் கேட்டுவிட்டு, “லென்ஸைச் சூடு பண்ணணும்னா குழந்தைக்குச் சூடு காட்டற மாதிரி பண்ணு. வறுக்காத” என்றார். அது காதில் ஏற இன்னொரு வருஷம் ஆனது.

இரண்டாவது குளிர்காலத்துக்கு மின்சாரச் சூட்டுப் பட்டி. தொலைநோக்கி வைத்து வானம் பார்ப்பவர்களும், நார்வே, ஐஸ்லாந்து பக்கம் துருவ ஒளிக்காக ராத்திரி முழுக்கக் காத்திருக்கிறவர்களும் லென்ஸைச் சுற்றிக் கட்டிக்கொள்வது இது. இணையத்தில் பார்த்தபோது மூவாயிரத்துச் சொச்சம் கேட்டார்கள். டிவி மெக்கானிக் நண்பன், “நாலு ரெசிஸ்டர்தானே, நானே செஞ்சு தரேன்” என்றான்.

ரெசிஸ்டர் என்பது மின்சாரம் ஓடினால் சூடாகும் சின்ன உருப்படி. கணக்கு எளிது. 12 வோல்ட் பேட்டரி. 330 ஓம் ரெசிஸ்டர் பத்தை ஒன்றுக்கொன்று இணையாகச் சேர்த்தால் மொத்தம் 33 ஓம். அதில் 0.36 ஆம்பியர் ஓடும், ஏறக்குறைய 4.4 வாட் சூடு. லென்ஸின் முனைச் சுற்றளவை நூலால் அளந்தேன், 21.5 சென்டிமீட்டர். இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு ரெசிஸ்டர் என்றால் சரியாகச் சுற்றி வரும். பழைய ஜீன்ஸ் பேன்ட்டின் இடுப்புப் பட்டியை மூன்று விரல் அகலத்துக்கு வெட்டி, இரண்டு தாமிரக் கம்பிகளை ஏணியின் இரு கால்கள் போல நீளவாட்டில் ஓட்டி, படிகளாக ரெசிஸ்டர்களைச் சால்டர் வைத்தோம். ஒவ்வொரு இணைப்பிலும் மோட்டார் வைண்டிங் கடையில் வாங்கிய மின்காப்பு ஸ்லீவ். மேலே கம்பளித் துணி ஒரு மடிப்பு, முனையில் வெல்க்ரோ.

மேஜைமேல் வைத்து ஓட விட்ட இருபதாவது நிமிடத்தில் ஒரு வாசனை வந்தது. நண்பன் தன் டப்பாவில் இருந்த கால் வாட் ரெசிஸ்டர்களைப் போட்டிருந்தான். கணக்குப்படி ஒவ்வொன்றிலும் 0.44 வாட் போகிறது. பாதித் திறனுள்ளதைப் போட்டு மேலே கம்பளியும் போர்த்தினால் என்ன ஆகும்? இரண்டு கருகிவிட்டன. அரை வாட் போட்டாலும் மூச்சுத் திணறும் என்று, கோவை காந்திபுரம் போனபோது ஒரு வாட் ரெசிஸ்டராகவே வாங்கினேன். ஒன்று இரண்டு ரூபாய். இந்த இடத்தில் கஞ்சத்தனம் பார்த்து ஒரு வாரம் போனதுதான் மிச்சம்.

அடுத்த தவறு பட்டியைக் கட்டிய இடம். வழுக்காமல் இருக்கட்டும் என்று லென்ஸின் நடுப்பகுதியில் கட்டினேன். சூடு வேண்டியது முன்கண்ணாடிக்கு, நான் சூடாக்கியது ஜூம் வளையத்தை. பட்டியின் வயர் தொங்கிய கனத்தில் ஃபோகஸ் வளையமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, நள்ளிரவுக்கு மேல் எல்லாம் மங்கல். பனிதான் படிந்துவிட்டது என்று நினைத்து டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடி சுத்தமாக இருக்கிறது. அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அதற்கப்புறம் பட்டியை முன்விளிம்பிலிருந்து அரை சென்டிமீட்டர் உள்ளே கட்டுகிறேன். ஃபோகஸ் வைத்ததும் இரண்டு வளையத்தையும் பெயின்டர் பயன்படுத்தும் பேப்பர் டேப்பால் ஒட்டிவிடுகிறேன். வயரை ட்ரைபாட் காலில் ஒரு சுற்று சுற்றியபிறகுதான் பேட்டரிக்குக் கொண்டுபோகிறேன்.

இதெல்லாம் சரியான பிறகு பேட்டரி. யூபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியர் வீதம் ஏழு மணி நேரம்) ஈய பேட்டரிதான் எடுத்தேன், இரண்டு கிலோ கனம், 950 ரூபாய். பவர் பேங்கையும் ஒரு தடவை முயன்றேன். கேமரா இரண்டு படத்துக்கு நடுவில் சும்மா இருக்கும் நேரத்தில் மின்சாரம் போதுமான அளவு இழுக்காததால், வேலை முடிந்தது என்று அது தானே அணைந்துகொண்டது. ஈய பேட்டரிக்கு அந்தப் புத்திசாலித்தனம் கிடையாது. கேமராவுக்குள் பேட்டரி வடிவில் வயர் மட்டும் உள்ள போலி பேட்டரி ஒன்றை மாட்டி, வோல்ட்டேஜ் குறைக்கும் சின்ன போர்டு வழியாக அதே பேட்டரியிலிருந்து கொடுத்தேன். பட்டிக்குப் பத்து மணி நேரத்துக்கு 3.6, கேமராவுக்கு 2.5, மொத்தம் 6.1 ஆம்பியர்-மணி. பேப்பரில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் குளிரில் அந்த பேட்டரி ஏழு கொடுக்காது. விடிகாலை 3.50-க்கு எல்லாம் நின்றுவிட்டது. உறைபனி உண்மையாகவே கெட்டிப்படுவது நாலு மணிக்கு மேல்தான்.

இன்னொரு பேட்டரியை இணையாகச் சேர்த்து மறுபடி போனேன். அன்றைக்கு எல்லாம் நன்றாகப் போனது, காலை 5.40 வரை. பனி செடியைக் கருக்கக்கூடாது என்று விடியலில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிப் பனியைக் கழுவிவிடுவது இங்கே வழக்கம். பயிருக்கு அது நல்லது. அக்கா வீட்டுக்காரர் மோட்டாரைப் போட்டார். ஸ்பிரிங்ளர் ஒரு சுற்று சுற்றி என் கேமராவைக் குளிப்பாட்டிவிட்டுப் போனது, நான் எழுந்து ஓடுவதற்குள் இரண்டாவது சுற்றும் வந்தது. தண்ணீர் விழுந்த இடத்திலேயே ஐஸ். தப்பு என்னுடையது. எங்கே கேமரா வைக்கிறேன் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து ஜெரிக்கோ ஊர்க்காரரான வில்சன் பென்ட்லி என்ற விவசாயியை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1885 ஜனவரி 15 அன்று, நுண்ணோக்கியில் கேமராவைப் பொருத்தி, வானிலிருந்து விழும் பனித்துகள் ஒன்றைத் தனியாகப் படமெடுத்தார். அப்புறம் வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேல் எடுத்தார், உறைபனியையும் நீர்ப்பனியையும்கூட. அவர் பாடு எனக்கு நேர் எதிர். துகள் உருகிவிடக்கூடாது என்று சூடே இல்லாத கொட்டகையில், மூச்சு படாமல் வேலை செய்தார். நான் உருகட்டும் என்று வாட் கணக்கில் சுடுகிறேன். இரண்டு பேரும் விறைத்துப் போனது மட்டும் ஒன்று.

ஸ்பிரிங்ளர் கதை முடிந்து கேமராவைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தபோது அக்கா கருப்பட்டிக் காபி கொண்டுவந்து கொடுத்தார். பட்டி, பேட்டரி, வயர் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ஏன் தம்பி, இதுக்கு மேல ஒரு மூடி போட்டா ஆகாதா?”

“மூடினா படம் எப்படி அக்கா எடுக்கறது?”

“கண்ணை மூடச் சொல்லல. தலைக்கு மேல. வானம் பாக்குற எடத்துலதான் பனி விழும். அங்க பாரு.”

கைகாட்டிய இடத்தில் முட்டைக்கோஸ் நாற்றங்கால். நாலு குச்சி நட்டு, மேலே மிலார் செடிகளை வெட்டிப் பரப்பியிருந்தார். பக்கமெல்லாம் திறந்துதான் கிடந்தது, காற்று தாராளமாகப் போய்வந்தது. மிலாரின் மேல்பக்கம் வெள்ளை. அடியில் நாற்று பச்சை. ஊட்டி தாவரவியல் பூங்காவிலும் வருஷா வருஷம் கோத்தகிரி மிலாரால்தான் பூச்செடி நாற்றுகளுக்குப் பந்தல் போடுவார்கள். அதைப் பத்திரிகைக்காக நானே நாலைந்து தடவை படமெடுத்துக் கொடுத்திருக்கிறேன். படமெடுத்தேனே தவிர, ஏன் என்று ஒரு தடவையும் யோசிக்கவில்லை.

வீட்டு மொட்டை மாடியில் சோதித்தேன். போட்டோ ஃப்ரேம் கண்ணாடி இரண்டு துண்டு. ஒன்று செங்கல்மேல் திறந்த வெளியில். இன்னொன்று அதே உயரத்தில், ஒரு சாண் மேலே பலகை கூரையாக, நாலு பக்கமும் திறந்து. காலை ஆறு மணிக்குத் திறந்தவெளிக் கண்ணாடியில் நகத்தால் சுரண்டும் அளவுக்குப் பனி. பலகைக்குக் கீழே இருந்தது ஒரு துளி ஈரம் இல்லாமல் காய்ந்திருந்தது. இரண்டுக்கும் சுற்றியிருந்த காற்று ஒன்றுதான். தெளிந்த வானத்தைப் பார்க்கிற பொருள் தன் சூட்டையெல்லாம் மேலே இழந்து, காற்றைவிடக் குளிர்ந்து போகிறது. பனி விழுகிறது என்று பேச்சுக்குச் சொல்கிறோம், அது மேலிருந்து விழுவதே இல்லை, குளிர்ந்த பொருளின்மேல் காற்றிலுள்ள ஈரம் அங்கேயே படிகிறது. மேகம் வந்த ராத்திரியில் உறைபனி இல்லாமல் போவதும் இதனால்தான். இரண்டு வருஷமாக நான் லென்ஸை வானத்துக்குக் காட்டிவிட்டு, இழந்த சூட்டை பேட்டரியிலிருந்து நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூன்றாவது குளிர்காலத்துக்கு மார்க்கெட்டில் மீன்கடைக்காரரிடம் ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கினேன், 60 ரூபாய். நாற்றம் போக இரண்டு நாள் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தும் ஒரு வாசனை மிச்சம் இருந்தது, அதன் விளைவு பின்னால் வரும். மூடியைக் கூரையாக்கினேன். நாற்பதுக்கு முப்பது சென்டிமீட்டர், கேமராவுக்கு மேல் ஒரு கை உயரத்தில், லென்ஸ் முனையைத் தாண்டி முன்பக்கம் 12 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி. 25 நீட்டினால் இன்னும் நல்லது, ஆனால் 18 மில்லிமீட்டரில் கூரை விளிம்பு படத்துக்குள் வந்துவிடுகிறது. அதற்குப் பதில் ஜூமை 24-க்குத் தள்ளி, கேமராவைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்தேன். படத்தின் மேல் ஐந்தில் ஒரு பங்குதான் வானமும் எதிர் மலையும், மீதி தோட்டமும் ஓடை ஓரப் புல்லும். கூரையைத் தாங்க அலுமினிய கர்ட்டன் கம்பி நாலு துண்டு, ட்ரைபாடோடு சேர்த்துக் கட்டினேன். ட்ரைபாடில் கட்டியதும் ஒரு தப்புதான், காற்று அடித்தால் கூரை பாய்மரம் மாதிரி கேமராவையும் ஆட்டும். காற்று இல்லாத ராத்திரி என்பதால் தப்பித்தேன். பெட்டியின் அடிப்பாகத்தில் பேட்டரியைப் பழைய ஸ்வெட்டரில் சுற்றி வைத்தேன்.

பட்டியைப் பிரித்து, ஐந்து ஐந்து ரெசிஸ்டராக இரண்டு பிரிவாக்கி நடுவில் ஒரு சுவிட்ச் வைத்தேன். ஒரு பிரிவு மட்டும் ஓடினால் 2.2 வாட், இரண்டும் ஓடினால் 4.4. கூரை இருக்கும்போது பாதிச் சூடு போதும் என்பது மொட்டை மாடியில் மூன்று ராத்திரி ஓடவிட்டதில் தெரிந்திருந்தது. அப்படியென்றால் பட்டிக்கு 1.8, கேமராவுக்கு 2.5, மொத்தம் 4.3 ஆம்பியர்-மணி. ஒரே பேட்டரி, குளிரிலும் தாங்கும். இரண்டாவது பேட்டரியைச் சுமக்கும் வேலை ஒழிந்தது.

நாளைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு வேலை. பௌர்ணமி கழிந்த மூன்று நாளுக்குள் வேண்டும், அப்போதுதான் நிலவு ராத்திரி முழுக்க வெளிச்சம் தரும். முந்தின நாள் ஒரு தூறல் போட்டு மண் ஈரமாகி, அன்றைக்கு மதியத்திலிருந்து வானம் துடைத்தாற்போல் இருக்க வேண்டும். சாயங்காலம் அடுப்புப் புகை நேராக மேலே போகாமல் பள்ளத்திலேயே படுத்துக்கிடந்தால் நல்ல சகுனம். அந்த வெள்ளிக்கிழமை மூன்றும் சேர்ந்து வந்தன. அக்கா வீட்டுக்காரரிடம் முதல் வேலையாகப் போய் கேமரா இருக்கும் இடத்தைக் காட்டினேன். அந்த வரிசை ஸ்பிரிங்ளர் வால்வை அவரே மூடிவிட்டுச் சிரித்தார்.

இரவு 9.50-க்குத் தொடங்கினேன். எஃப் 4, 15 விநாடி, ஐஎஸ்ஓ 800, முப்பது விநாடிக்கு ஒரு படம். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் நிலைப்படுத்தினேன், இல்லாவிட்டால் படத்துக்குப் படம் நிறம் தாவும். பத்தரைக்குக் காற்று பிளஸ் 4.1, புல் பிளஸ் 0.6. பன்னிரண்டுக்குப் புல் மைனஸ் 1. என் ஜீப் கண்ணாடி அதற்கு முன்பே வெள்ளையாகிவிட்டது. டார்ச் அடித்தால் படம் கெடும் என்பதால், சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டிய சின்ன விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு மணிக்கு ஒரு தடவை லென்ஸை எட்டிப் பார்த்தேன். ஒரு மணி, சுத்தம். இரண்டு மணி, சுத்தம். கூரையின் மேல்பக்கம் மட்டும் சர்க்கரை தூவிய கேக் மாதிரி ஆகிக்கொண்டே போனது.

மூன்று மணிக்கு மேல் ஜீப்புக்குள் கண் அசந்துவிட்டேன். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சுச் சத்தம். காட்டுமாடு. ஒற்றைக் கடா, கேமராவிலிருந்து பத்தடி தூரத்தில் நின்று தெர்மாகோல் பெட்டி பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. மீன் வாசனையா, ஸ்வெட்டர் வாசனையா, எனக்குத் தெரியாது. ஹாரன் அடிக்கவும் பயம், கதவைத் திறக்கவும் பயம். கேமரா போனால் போகட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடம் நின்றுவிட்டு ஓடையைத் தாண்டிப் போய்விட்டது. பதினொரு படங்களில் ஒரு கறுப்புக் குன்று வந்து நின்று போயிருக்கிறது. முதலில் அந்தப் பதினொன்றையும் நீக்கிவிடத்தான் நினைத்தேன், இப்போது பார்ப்பவர்கள் எல்லோரும் அதைத்தான் திரும்பப் போடச் சொல்கிறார்கள்.

5.45-க்குப் புல் மைனஸ் 3.2, அன்றைய ராத்திரியின் அடிமட்டம். ஆறு மணியிலிருந்து வெளிச்சம் ஏற ஏற ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கையால் குறைக்க வேண்டியிருந்தது. இதில்தான் கோட்டை விட்டேன். கையுறையோடு சக்கரத்தைத் திருப்பி ஒரு படி குறைக்க நினைத்தது மூன்று படி குறைந்தது, திரும்ப ஏற்றினேன். அந்த நாற்பது நிமிடம் வீடியோவில் கண்சிமிட்டுவது மாதிரி வருகிறது. மென்பொருளில் சமப்படுத்திப் பார்த்தும் முழுதாகப் போகவில்லை. 7.30-க்குத்தான் அந்தப் பள்ளத்துக்கு வெயில் வந்தது. பத்தே நிமிடத்தில் வெள்ளையெல்லாம் ஆவியாக எழுந்து தோட்டமே கொதிக்கிற மாதிரி இருந்தது. 7.40-க்கு நிறுத்தினேன். பேட்டரியில் இன்னும் உயிர் இருந்தது.

செலவு என்று பார்த்தால் பேட்டரி 950, போலி பேட்டரி 700, வோல்ட்டேஜ் போர்டு 120, சுவிட்ச், வயர், ஸ்லீவ், வெல்க்ரோ, ரெசிஸ்டர் எல்லாம் சேர்த்து 190, தெர்மாமீட்டர் 360, தெர்மாகோல் 60. மொத்தம் 2,380 ரூபாய். பூஞ்சைக்குக் கொடுத்த 1,400-ஐயும் ஜீப் டீசலையும் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் விலைக்கு வாங்கும் பட்டியே லாபம், அதை வாங்கியிருந்தாலும் கூரை இல்லாமல் முதல் பேட்டரி நாலு மணிக்குத்தான் நின்றிருக்கும். யாராவது கொடைக்கானலில் மன்னவனூர் பக்கம் இதைச் செய்ய நினைத்தால் கூரையிலிருந்து தொடங்குங்கள், பட்டி அப்புறம். அடுத்த தடவை கூரைக்குத் தனிக் கால் நடுவேன், கர்ட்டன் கம்பிக்குப் பதில் மூங்கில். விடியல் வெளிச்சத்துக்கு லேப்டாப்பை வைத்துத் தானாக ஷட்டர் மாறும்படி செய்யலாம் என்று நண்பன் சொல்கிறான், அவனுடைய கால் வாட் அனுபவத்துக்குப் பிறகு கொஞ்சம் யோசனையாக இருக்கிறது. மீன் பெட்டி வேண்டாம்.

1,180 படமும் சேர்ந்து 49 விநாடி. அடுத்த வாரம் போனில் போட்டு அக்காவிடம் காட்டினேன். முதல் தடவை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை விரலை வைத்து நிறுத்தச் சொன்னார், பன்னிரண்டரை மணி வாக்கில், ஓடை ஓரத்து மூலையில் ஒரு துண்டு மட்டும் வெளுத்து, மற்றதெல்லாம் பச்சையாக இருக்கும் இடத்தில்.

“இங்கதான் மொதல்ல பிடிக்குதா? நாங்க மேல் மூலைனு நெனச்சுக்கிட்டு அங்கதான் மிலார் போட்டோம்.”

வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அதே இடத்தை மூன்று தடவை போட்டுக் காட்டினார். நாற்றங்காலை அடுத்த வருஷம் ரோட்டுப் பக்கம் ஏற்றிவிடலாமா என்று இரண்டு பேரும் படுக பாஷையில் பேசிக்கொண்டார்கள், எனக்குப் பாதிதான் புரிந்தது. அப்புறம் என் பக்கம் திரும்பி, அடுத்த மார்கழிக்கு அந்தக் கேமராவைப் பீன்ஸ் தோட்டத்துப் பக்கம் வைக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். மாடு வந்தால் நீங்கள்தான் விரட்ட வேண்டும் என்றும் சொல்லிவைத்தேன்.